வெற்றுரையை இனங்காண்பது எப்படி, அதற்கு எங்கே இடம் கொடுப்பது?

அறிவுத்துறைக் கட்டுரை ஒன்றை இரண்டு முறை வாசித்தும் பிடிபடவில்லை என்றால், வாசகர் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்: தமக்கு அறிவு போதவில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறார், அல்லது எழுதியவர் ஜல்லியடிக்கிறார் என்று தூக்கிப்போடுகிறார். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். முதல் தீர்ப்பால் போலிகள் வாழ்கிறார்கள். இரண்டாவதால் உண்மையிலேயே கடினமான சிந்தனைகள் வாசிக்கப்படாமல் போகின்றன. ஆய்வு மாணவர்களையும், கருத்தரங்குகளுக்குப் போகிறவர்களையும், கனமான கட்டுரைகளை விரும்பி வாசிப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த வழிகாட்டி, இரண்டுக்கும் நடுவே நிதானமாகச் சோதித்துப் பார்க்கும் சில முறைகளைச் சொல்கிறது. வெற்றுரையும் பாசாங்கும் அறிவுலகத்திலிருந்து அடியோடு விரட்டப்பட வேண்டியவை என்று நான் கருதவில்லை. அவற்றுக்கு உரிய இடம் உண்டு என்பதையும் பின்னால் பார்ப்போம்.

முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பொருளின்மை என்பது சொல்லப்பட்டதில் உள்ள குறை; நேர்மையின்மை என்பது சொல்பவரிடம் உள்ள குறை. இவை சேர்ந்தேதான் வரும் என்று நினைக்கிறோம், ஆனால் தனித்தனியாகவும் வரும். முழு நம்பிக்கையோடு, ஆண்டுக்கணக்கில் உழைத்து, பொருளற்ற ஒன்றை எழுதுபவர் உண்டு. தாம் துளியும் நம்பாத ஒன்றை அப்பழுக்கில்லாத தருக்கத்தோடு வாதிடும் வழக்கறிஞரும் உண்டு. அமெரிக்க மெய்யியலாளர் ஹாரி பிராங்க்ஃபர்ட் 1986இல் வெளியிட்ட கட்டுரை, சொல்பவரின் மனநிலையை வைத்து ஜல்லியடிப்பை வரையறுத்தது: பொய்யருக்கு உண்மை எது என்பதில் அக்கறை உண்டு, அதை மறைக்கத்தானே அவர் பாடுபடுகிறார், ஜல்லியடிப்பவருக்கோ தாம் சொல்வது உண்மையா பொய்யா என்பதே ஒரு பொருட்டல்ல. 2002இல் ஆக்ஸ்ஃபோர்டு மெய்யியலாளர் ஜி. ஏ. கோஹன் இதற்கு எதிர்வினையாற்றினார். கல்வியுலகில் நாம் சந்திக்கும் வெற்றுரைக்கு இந்த வரையறை பொருந்தாது, அங்கே பார்க்க வேண்டியது மனத்தை அல்ல, வாக்கியத்தை என்பது அவர் வாதம். வாசகருக்கு உதவுவது கோஹனின் வழிதான். எழுதியவரின் உள்ளத்தைத் திறந்து பார்க்க நமக்கு வழியில்லை, ஆனால் அவருடைய வாக்கியம் நம் முன்னால் அச்சில் இருக்கிறது.

வாக்கியத்தை மறுத்துப் பாருங்கள்

கோஹன் தந்த சோதனை எளிமையானது. ஒரு கூற்றை எதிர்மறையாக மாற்றி எழுதுங்கள். மாற்றிய பிறகும் அது முன்பு இருந்த அளவுக்கே ஏற்கத்தக்கதாகத் தோன்றினால், மூலக் கூற்றில் தெளிவு இல்லை என்று முடிவு செய்யலாம். மாதிரிக்காக நானே ஒரு வாக்கியத்தைத் தயாரித்தேன்: “நவீன கவிதை தன் இன்மையின் வழியே இருப்பைத் தொடர்ந்து ஒத்திவைத்து, மொழியின் விளிம்பில் தன்னைக் கட்டமைத்துக்கொள்கிறது.” சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இந்த ஓசை பழகியதுதான். இப்போது இதைத் திருப்பிப் போடுவோம்: “நவீன கவிதை தன் இருப்பின் வழியே இன்மையைத் தொடர்ந்து ஒத்திவைத்து, மொழியின் மையத்தில் தன்னைக் கலைத்துக்கொள்கிறது.” இரண்டும் ஒரே அளவு ஆழமாக ஒலிக்கின்றன, இரண்டாவதற்குக் கைதட்டல் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும் என்று தோன்றுகிறது. இவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் கட்டுரையின் அடுத்த பத்தியில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிராது.

இதோடு ஒப்பிட வேறொரு வாக்கியத்தையும் எழுதிப் பார்க்கிறேன்: “புதுக்கவிதையில் எதுகையும் மோனையும் மறைந்துவிடவில்லை, அடியின் தொடக்கத்திலிருந்து அதன் நடுவுக்கு இடம் மாறின.” இதை மறுத்தால் வேறொரு கூற்று கிடைக்கிறது, இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும், நான்கு தொகுப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்துவிடலாம். இந்தக் கூற்று தவறாகவே இருக்கலாம். தவறாக இருக்க முடிகிறது என்பதுதான் அதன் தகுதி.

ஒரு துறையின் கலைச்சொற்கள் தெரியாத நிலையில் இந்தச் சோதனையை நடத்தக் கூடாது. அப்போது எல்லாமே வெற்றுரையாகத்தான் தெரியும். கடினமானதற்கும் வெறுமையானதற்கும் உள்ள வேறுபாட்டைச் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தை வைத்து நன்றாக உணரலாம். பன்னிரண்டே நூற்பாக்கள் கொண்ட அந்த நூல், துணையின்றி வாசிப்பவருக்குப் பூட்டிய கதவாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குச் சிவஞான முனிவர் எழுதிய பேருரையான மாபாடியத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒவ்வொரு சொல்லும் எந்த எதிர்ப்பக்கத்தை மறுப்பதற்காக அங்கே வைக்கப்பட்டது என்பது தெரியவருகிறது. அவர் சொல்வதை ஏற்காதவர்கூட எந்த இடத்தில் ஏற்கவில்லை என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. கடினமான எழுத்தைப் பற்றிக் கருத்து வேறுபடுகிறவர்கள் இப்படிக் குறிப்பாக வேறுபடுவார்கள். வெற்றுரையைப் பற்றியோ, ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் பொதுவாகவே பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஓரத்தில் குறியிட்டு வாசியுங்கள்

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தை வரிசைப்படுத்தியிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன அந்தப் பட்டியலைப் போல வாசிப்புக்குப் பயன்படும் கருவி வேறில்லை என்பது என் கருத்து. பத்தும் எப்போதும் தேவைப்படாது. பென்சிலோடு வாசிக்கும்போது மூன்றை மட்டும் கவனித்தால் போதும்: சொல்லத் தொடங்கியதை விட்டுவிட்டு வேறொன்றை விவரிக்கும் மற்றொன்று விரித்தல், சொல் இருந்தும் பொருள் இல்லாத வெற்றெனத் தொடுத்தல், இப்படியா அப்படியா என்று துணிய முடியாதபடி எழுதும் மயங்கவைத்தல். முதலிரண்டும் கண்ணில் பட்டுவிடும். மூன்றாவதுதான் ஆபத்தானது, தேர்ந்த எழுத்தாளர்களிடம் மிகுதியாகக் காணப்படுவதும் அதுவே.

“அறிவியல் உண்மைகள் சமூகத்தால் கட்டமைக்கப்படுபவை” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். எந்தக் கேள்வியை ஆராய்வது, எதற்குப் பணம் ஒதுக்குவது, எந்தச் சொல்லால் அதை விவரிப்பது என்பவற்றைச் சமூகம் தீர்மானிக்கிறது என்பது இதன் ஒரு பொருள். அது உண்மைதான், ஆனால் அதைக் கேட்டு யாரும் நிமிர்ந்து உட்காரமாட்டார்கள். புவியீர்ப்பு விசையே மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு என்பது மற்றொரு பொருள். அது பரபரப்பானது, ஆனால் தவறு. கட்டுரையின் தலைப்பிலும் முடிவுரையிலும் இரண்டாவது பொருள் தொனிக்கும்; யாராவது எழுந்து கேள்வி கேட்டால், தாம் சொன்னது முதல் பொருளை மட்டும்தான் என்று எழுதியவர் பின்வாங்கிவிடுவார். இத்தகைய வாக்கியத்தின் பக்கத்தில் இரண்டு பொருள்களையும் தனித்தனியாக எழுதிவைத்து, கட்டுரையின் முடிவுக்கு இவற்றில் எது தேவைப்படுகிறது என்று பாருங்கள். தேவைப்படுவது வலிமையான பொருளாகவும், நிறுவப்பட்டிருப்பது மெலிந்த பொருளாகவும் இருந்தால், எஞ்சிய பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடலாம்.

மூன்று முறை கேளுங்கள்

நேரில் பேசுபவரிடம் பென்சில் உதவாது. அதற்குப் பண்டைய இந்தியத் தருக்க நூலான நியாய சூத்திரம் ஒரு வழி சொல்கிறது. வாதத்தில் ஒருவர் தோற்றதாகக் கருதப்படும் இடங்கள் இருபத்திரண்டை அந்நூல் வகுக்கிறது. அவற்றுள் ஒன்று, மூன்று முறை சொல்லியும் சபையோருக்கும் எதிராளிக்கும் விளங்காத பேச்சு. விளங்கவைக்க வேண்டிய பொறுப்பு பேசுபவருடையது, விளங்காமற்போனால் தோல்வியும் அவருடையது என்று அந்த விதி கறாராகச் சொல்லிவிடுகிறது. பகுதி பகுதியாகப் பொருள் தந்தாலும் ஒட்டுமொத்தமாக எதையும் சொல்லாத பேச்சு அங்கே இன்னொரு தோல்வி. அதற்கு வாத்ஸ்யாயனர் தம் உரையில் தரும் எடுத்துக்காட்டு, பத்து மாதுளை, ஆறு அப்பம், ஒரு குண்டம், ஓர் ஆட்டுத்தோல் என்று நீள்கிறது. சில கருத்தரங்க உரைகளைக் கேட்கும்போது அந்த ஆறு அப்பம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

மூன்று கேள்விகளையும் ஒரே கேள்வியாகத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது வம்பாகத் தோன்றும். ஆகவே வேறு வேறாகக் கேளுங்கள். முதலில், “ஐயா, இதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல முடியுமா?” என்று கேட்கலாம். அடுத்து, “நீங்கள் சொல்வது சரியில்லை என்றால், நாம் பார்ப்பவற்றில் என்ன மாறியிருக்கும்?” என்று கேட்கலாம். மூன்றாவதாக, “நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரிதானா என்று பாருங்கள்” என்று தொடங்கி, அவர் கருத்தை உங்கள் சொற்களில், வேண்டுமென்றே கறாராகச் சொல்லிக் காட்டுங்கள். சொல்வதற்குப் பொருள் வைத்திருப்பவர் அந்த இடத்தில் திருத்துவார்: “இல்லையம்மா, அந்தப் பகுதி சரி, இந்தப் பகுதியை நான் சொல்லவில்லை.” பொருள் இல்லாதவர், “அப்படியும் எடுத்துக்கொள்ளலாம்” என்பார். எப்படியும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அங்கே எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

மேடையில் இருப்பவர் உங்கள் நெறியாளராகவோ வாய்மொழித் தேர்வுக்கு வரப்போகும் புறத்தேர்வாளராகவோ இருந்தால், இந்தக் கேள்விகளை அரங்கில் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேநீர் இடைவேளையில் கேட்கலாம், அல்லது பணிவான மின்னஞ்சலாக அனுப்பலாம். கோழைத்தனமாகத் தோன்றினாலும், நான்கு பேர் முன்னால் விட்டுக்கொடுக்காதவர்கள் தனியாகப் பேசும்போது மனம் விட்டுப் பேசுவதுண்டு.

மேடையையும் முத்திரையையும் சான்றாகக் கொள்ளாதீர்கள்

1970இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் குழு மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை ‘டாக்டர் மைரன் எல். ஃபாக்ஸ்’ என்று அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாட்டின் பயன்பாடு குறித்து உரையாற்ற வைத்தது. அவருக்கு அந்தத் துறையில் எதுவும் தெரியாது. முரண்பாடுகளும் புதிதாகப் புனைந்த சொற்களும் தொடர்பற்ற தாவல்களும் நிறைந்த உரையை, நகைச்சுவையும் நட்பும் கலந்து வழங்குவதற்கு அவர் பயிற்றுவிக்கப்பட்டிருந்தார். நேரிலும் ஒளிப்பதிவிலும் அதைக் கேட்ட 55 பேரும் உளநல மருத்துவம், உளவியல், கல்வி போன்ற துறைகளில் பயின்றவர்கள். பெரும்பாலோர் உரையைப் பாராட்டினர். அவருடைய வெளியீடுகளை ஏற்கெனவே வாசித்திருப்பதாக ஒருவர் எழுதிக்கொடுத்ததும் 1973இல் வெளியான ஆய்வறிக்கையில் பதிவாகியிருக்கிறது. பேச்சாளரின் குரலும் நகைச்சுவையும் உங்களைக் கவர்ந்தால், மறுநாள் காலையில் அந்த உரையின் மையக் கருத்தை இரண்டே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் குறை உங்கள் நினைவாற்றலில் இல்லை.

வாசிக்கும்போது வேறொரு மயக்கம் குறுக்கிடும். கோஹன் 1960களில் பிரெஞ்சு மார்க்சியரான அல்தூஸரின் மரபில் வந்த எழுத்துகளில் மூழ்கியிருந்தவர். மிகுந்த பாடுபட்டு அவற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தபோது, பட்ட பாட்டினாலேயே அந்தப் பொருளுக்கு இல்லாத மதிப்பைக் கொடுத்துவிட்டதாகப் பின்னாளில் தம்மைப் பற்றியே எழுதினார். ஆகவே ஒரு நூலோடு நீண்ட நாள் போராடியவர்கள், அதில் கண்டடைந்த கருத்தை அந்த நூலை வாசிக்காத நண்பரிடம் எளிய தமிழில் சொல்லிப் பார்ப்பது நல்லது. “இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே?” என்று அவர் கேட்டால், போராட்டத்தின் கூலியைக் கருத்தின் விலையாகக் கணக்கிட்டிருக்கிறோம் என்று பொருள்.

இதழின் பெயரும் முழுமையான காப்பு ஆகாது. நியூயார்க் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் சோகல், குவாண்டம் ஈர்ப்பைப் பற்றிய ஒரு கேலிக் கட்டுரையைப் பண்பாட்டு ஆய்விதழான ‘சோஷியல் டெக்ஸ்ட்’டுக்கு அனுப்பினார். இயற்பியல் யதார்த்தமும் அடிப்படையில் சமூக, மொழியியல் கட்டமைப்பே என்று தொடங்கிய அக்கட்டுரை, புகழ்பெற்ற கோட்பாட்டாளர்களின் உண்மையான மேற்கோள்களாலும் நூற்றுக்கும் மேற்பட்ட அடிக்குறிப்புகளாலும் நிரப்பப்பட்டிருந்தது. 1996இல் அது வெளியானதும் அது கேலி என்பதை வேறொரு பத்திரிகையில் அவரே அறிவித்தார். இதைச் சிலர் ஒரு துறையையே புதைத்த நிகழ்ச்சியாகக் கொண்டாடுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. அந்த இதழ் அப்போது வெளித்துறை வல்லுநர்களிடம் கட்டுரைகளை அனுப்பி மதிப்பிடும் வழக்கம் இல்லாதது. ஓர் இதழின் ஆசிரியர்கள் தம் கடமையில் தவறினார்கள் என்பதற்கு மேல் இந்தக் கேலி மட்டுமே அதிகம் நிறுவிவிடாது என்று சோகலே எழுதியிருக்கிறார். அவர் காட்டிக்கொடுத்த குறை எங்கும் உண்டு. 2013இல் அறிவியல் இதழாளர் ஜான் போஹனன், லைக்கன் என்ற உயிரினத்திலிருந்து புற்றுநோய் மருந்து கண்டதாகக் கூறும் பிழை மலிந்த போலிக் கட்டுரையைச் சிற்சில மாற்றங்களோடு 304 திறந்த அணுக்க (யாரும் கட்டணமின்றி வாசிக்கக்கூடிய) அறிவியல் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றன, 98 மறுத்தன. கோட்பாட்டு மொழி ஏதும் இல்லாத துறை அது.

இந்தியாவில் இத்தகைய இதழ்களுக்கு ஊட்டம் தந்தது எது என்பதும் தெரிந்ததுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்கும் முன்பு ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்றன. ஆசிரியர் பதவி உயர்வுக்கும் கட்டுரைகள் எண்ணப்பட்டன. சொல்ல எதுவும் இல்லாதவரும் எழுதியே தீர வேண்டும் என்றானபோது, காசு வாங்கிக்கொண்டு வெளியிடும் இதழ்கள் முளைத்தன. 2018 மே மாதத்தில் மானியக் குழு தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. வெளியீட்டுக் கட்டாயம் 2022ஆம் ஆண்டு விதிகளில் கைவிடப்பட்டது. ஆகவே ஓர் ஆய்விதழைத் திறந்ததும் கட்டுரையை மட்டும் பார்க்காமல், அதை எழுதியே ஆக வேண்டிய நெருக்கடி எழுதியவருக்கு இருந்ததா என்றும் பாருங்கள். நெருக்கடி இருந்தது என்பதாலேயே கட்டுரை போலியாகிவிடாது. ஆனால் எத்தனை கவனத்தோடு சோதிக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

இடம் கொடுக்க வேண்டிய இடங்கள்

இனி எதிர்ப்பக்கம். பொருளற்றதாகத் தோன்றுவதும் பயன்படலாம் என்பதற்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் எண்ணின் கனம், அதே எண்ணின் 15 மடங்கோடு 4ஐக் கூட்டியதற்குச் சமம். அந்த எண் எது? 4 என்று போட்டுப் பார்த்தால் இரு பக்கமும் 64 வருகிறது. ஆனால் இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோ 1545இல் வெளியிட்ட சூத்திரத்தின் வழியே விடையைத் தேடினால், இடையில் −121இன் வர்க்கமூலம் வந்து நிற்கிறது. எந்த எண்ணைத் தன்னோடு பெருக்கினாலும் எதிர்மறை எண் வராது என்பதால், அன்றைய கணிதத்தில் அது பொருளற்ற குறி. 1572இல் ராபேல் பாம்பெல்லி அந்தக் குறியை உண்மையான எண்ணைப் போலவே பாவித்து, கூட்டியும் பெருக்கியும் கொண்டுபோனார். முடிவில் பொருளற்ற பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைய, 4 மிஞ்சியது. இது உண்மையைவிட ஏமாற்று வித்தையைச் சார்ந்திருப்பதாகவே முதலில் தமக்குத் தோன்றியது என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் குறிகளுக்குத் தெளிவான வடிவியல் விளக்கம் கிடைக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. கோஹனின் சோதனையைப் பாம்பெல்லியின் இடைவரிகள்மீது நடத்தியிருந்தால் அவை தேறியிருக்குமா என்பது ஐயமே. ஆனால் அவை போய்ச் சேர்ந்த 4ஐ எவரும் சரிபார்க்கலாம். முளைவிடும் சிந்தனையில் இத்தகைய அரைகுறை வாக்கியங்கள் வருவது இயல்பு. அவற்றை எழுதியவர் சரிபார்க்கத்தக்க எதையாவது நோக்கி நகர்கிறாரா என்று கேட்டுவிட்டு, நகர்ந்தால் பொறுத்திருங்கள்.

பாசாங்குக்கு இடம் தருவதிலும் நியாய சூத்திரத்துக்கு இணையான தெளிவை வேறெங்கும் நான் காணவில்லை. உண்மையை அறிவதற்கான பேச்சை வாதம் என்றும், வெல்வதை மட்டுமே நோக்கமாகக் கொண்டு தந்திரங்களையும் கையாளும் பேச்சை ஜல்பம் என்றும், தனக்கென்று ஒரு நிலைப்பாடும் இல்லாமல் எதிராளியை மறுப்பதை மட்டும் செய்வதை விதண்டை என்றும் அது பிரிக்கிறது. பிரித்துவிட்டுப் பின்னிரண்டையும் தள்ளிவிடவில்லை. முளையைக் காக்க முட்கிளைகளால் வேலி போடுவதைப் போல, உண்மை பற்றிய தீர்மானத்தைக் காக்க அவையும் பயன்படும் என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1587இல் புனிதர் பட்ட வழக்குகளில் எதிர்வாதம் செய்வதற்கென்றே ஓர் அதிகாரியை அமர்த்தியதும் இந்த வேலிதான். நம் பட்டிமன்றத்தில் எந்த அணியில் பேசுவது என்பதைப் பேச்சாளரின் நம்பிக்கை முடிவு செய்வதில்லை. அது அவைக்கும் தெரியும், ஆகவே ஏமாற்றப்பட்டவர் யாரும் இல்லை. அதே பேச்சாளர் மறுநாள் அந்த வாதங்களையே நாளிதழ்க் கட்டுரையாக்கித் தம் ஆய்வு முடிவென்று வெளியிட்டால் கணக்கு மாறிவிடுகிறது.

ஆகவே நம்பாததை வாதிடும்போது அதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்: “இதை நான் ஏற்கவில்லை, ஆனால் ஏற்பவர் என்ன சொல்வார் என்று பார்ப்போம்” என்ற ஒரு வரி போதும். கேலிக் கட்டுரைக்கு முன்கூட்டிய அறிவிப்பு இயலாது. அது தன்னைத் தானே விரைவில் வெளிப்படுத்திக்கொள்ள வேண்டும். அப்போதும் கேலி செய்தவரின் கையில் எல்லாம் இருப்பதில்லை. 1943இல் ஜேம்ஸ் மெக்காலே, ஹெரால்டு ஸ்டூவர்ட் என்ற ஆஸ்திரேலியக் கவிஞர் இருவர், நவீனத்துவத்தைக் கேலி செய்ய எர்ன் மாலி என்ற இல்லாத கவிஞரைப் படைத்து, அகராதியிலிருந்தும் கொசு ஒழிப்பு அறிக்கையிலிருந்தும் வரிகளை உருவித் தொகுத்த கவிதைகள் இன்றும் நல்ல கவிதைகளாகத் தொகைநூல்களில் இடம்பெறுகின்றன.

உங்கள் வரைவில்

பிறருக்கு வைத்த சோதனைகளை உங்கள் கையெழுத்துப்படிக்கும் வைக்கலாம். ஒரு பத்தியை மூடிவைத்துவிட்டு, அது எதை மறுக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எதையும் மறுக்கவில்லை என்றால் பத்தியை நீக்கிவிட்டு, மீதி கட்டுரை தடையின்றி நிற்கிறதா என்று பாருங்கள். மேற்கோள்களை ஒவ்வொன்றாக மறைத்து, அந்தப் பெயர் இல்லாமல் உங்கள் வாதம் நடக்குமா என்று பாருங்கள். நடந்தால் அந்தப் பெயர் அலங்காரம். ‘ஒரு வகையில்’, ‘எனலாம்’, ‘கட்டமைக்கிறது’ போன்றவை வரும் இடங்களில் பென்சிலை நிறுத்தி, எந்த வகையில், யார் எனலாம், எதை யார் எப்படிக் கட்டமைக்கிறார் என்று எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிதி கோரும் விண்ணப்பம், கருத்தரங்கச் சிறப்பு மலருக்கான வாழ்த்துரை, துறைத்தலைவர் எழுதச் சொன்ன அறிக்கை போன்றவற்றில் சிறிது ஜல்லி தவிர்க்க முடியாது. வாசிப்பவருக்கும் அது தெரியும். அவற்றைத் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒரு வாக்கியத்தைக்கூட ஆய்வேட்டுக்கு வெட்டி ஒட்டாமல் இருங்கள்.